பெரிய போர் (bore), கோல்டு பிராஸ் பெல், வெள்ளி முலாம்: டிரம்பெட்டில் உண்மையில் எது ஒலியை மாற்றுகிறது?

இரண்டாவது டிரம்பெட் வாங்கப் போகிறீர்கள். போர் (அதாவது குழாயின் உள்விட்டம்), பெல்லின் (ஒலி வெளிவரும் விரிந்த வாய்) உலோகம், முலாம், எடை என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக ஊதுகிறவன் என்ற முறையில் என் பதில் இது: குழாய்க்குள் இருக்கும் காற்றின் வடிவம்தான் முதல் விஷயம். அதிலும் உதட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒரு மாற்றம் நடக்கிறதோ, அவ்வளவு அதிகமாக அது தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வழக்கமான பி-ஃபிளாட் டிரம்பெட்டில் மீடியம் லார்ஜ் போர் என்பது 11.66 மி.மீ. லார்ஜ் என்பது சுமார் 11.73. வித்தியாசம் ஒரு தாளின் தடிமன்கூட வராது. குறுக்குப் பரப்பில் பார்த்தால் ஏறக்குறைய 1 சதவீதம். இப்போது மௌத்பீஸின் (உதட்டை வைத்து ஊதும் பகுதி) தொண்டையை, அதாவது அதன் மிகக் குறுகிய துளையைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அது 3.66 மி.மீ. துளை. அதை 3.8 ஆக்கினால் பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். முதல் மூச்சிலேயே தெரியும்: காற்று மளமளவென்று ஓடும், ஒலி விரியும். ஆனால் மேல் ஸ்தாயியில் சாய்ந்துகொள்ள எதிர்ப்பு ஒன்றும் இருக்காது, சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். 'பெரிய போர் வாங்கு' என்பவர்கள் இந்தத் தொண்டையைப் பற்றிப் பேசுவதே இல்லை!

மௌத்பீஸுக்கு அடுத்தது லீட்பைப். 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, போர் அளவு வரை மெல்ல விரியும் குழாய். ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் இறுக்கமாக உட்காருமா, நாம் இழுத்த பக்கம் வருமா, மேல் ஸ்தாயி சுருதி விலகுமா என்பதையெல்லாம் இந்த விரிவுதான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரே போர் அளவுள்ள இரண்டு டிரம்பெட்டுகளில் ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தாராளமாகவும் தோன்றினால், நான் முதலில் சந்தேகப்படுவது லீட்பைப்பைத்தான்.

மௌத்பீஸின் நுனிக்கும் லீட்பைப்பின் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மௌத்பீஸின் தண்டில் மெல்லிய தாள் துண்டு ஒன்றை ஒரு சுற்று சுற்றிச் செருகுங்கள். மௌத்பீஸ் முன்பைவிட வெளியே தள்ளி நிற்கும், இடைவெளி கூடும். நடு ஜி ஸ்வரத்திலிருந்து மேல் சி ஸ்வரம் வரை ஊதிப் பாருங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு அதையே ஊதுங்கள். சில டிரம்பெட்டில் ஒன்றும் தெரியாது. சிலதில் ஸ்வரத்தின் பிடிமானமே மாறிவிடும். காசு செலவில்லாத சோதனை.

பெல்லுக்கு வருவோம். வாய் எவ்வளவு அகலம் என்பதைவிட எப்படி விரிகிறது என்பதுதான் முக்கியம். கீழ் அதிர்வெண்கள் பெல்லின் கழுத்திலேயே திரும்பிவிடும், உயர்ந்தவை வாய்ப்பக்கம் இன்னும் தூரம் போய் வெளியேறும். அதனால் விரிவின் வளைவு மாறினால் ஒலியின் நிறமும் மாறும், சுருதியும் மாறும். டிரம்பெட் தயாரிக்கும் பாக் நிறுவனத்தின் 37, 72 எண் பெல்களை அடுத்தடுத்து ஊதினால் புரியும்: 72இன் விரிவு பெரியது, ஒலியும் அகலமாக வரும்.

சரி, உலோகம்? மஞ்சள் பித்தளையில் செம்பு சுமார் 70 சதவீதம், கோல்டு பிராஸில் 85. இருட்டான ஒலி, வெளிச்சமான ஒலி என்றெல்லாம் இதை வைத்துத்தான் சொல்வார்கள். வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையில் பிடித்து, பெல்லுக்குப் பின்னால் காதை வைத்திருக்கும் நமக்குத் தெரிவதில் பாதிகூட எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எடையும் அப்படித்தான். மெல்லிய பெல் கைக்குள் அதிர்ந்து உடனே பதில் சொல்வதுபோல் இருக்கும், கனமானது சத்தமாக ஊதும்போதும் கலங்காமல் நிற்பதுபோல் இருக்கும். ஊதுகிறவருக்கு அந்த உணர்வு முக்கியம்தான், அது வாசிப்பையே மாற்றிவிடும். முலாமைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. எது வியர்வையைத் தாங்குமோ அதை வாங்குங்கள்.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் மேல்நோக்கி வளைந்த பெல் நினைவிருக்கிறதா? 1953இல் விபத்தில் வளைந்தது. தன் ஒலி தனக்கு நன்றாகக் கேட்டதால், பிறகு அப்படியே செய்யச் சொல்லி வாங்கினார். டிரம்பெட்டின் கூர்மையான உயர் ஒலிகள் பெல் பார்க்கும் திசையில்தான் அதிகம் போகும் என்பதால், இந்தத் திசை விஷயம் முலாமைவிடப் பெரிது.

வாங்கப் போகும்போது உங்கள் மௌத்பீஸையே எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் மௌத்பீஸைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கூட வருபவரைப் பத்தடி தள்ளித் திரும்பி நிற்கச் சொல்லி, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஊதுங்கள். அப்புறம், பழைய டிரம்பெட் என்றால் இரண்டாவது வால்வின் (விரலால் அழுத்தும் மூன்றில் நடுவில் இருப்பது) ஸ்லைடை, அதாவது அதில் செருகியிருக்கும் சிறு வளைகுழாயைக் கழற்றி, அந்த வால்வை அழுத்திப் பிடித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனின் துளையும் குழாயின் துளையும் நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பிறை போல விளிம்பு தெரிந்தால், விரல் பொத்தானுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் (கம்பளி வளையம்) தேய்ந்திருக்கலாம். மிகச் சொற்பச் செலவில் மாற்றிவிடலாம், 'இந்த டிரம்பெட் ஊதவே வரவில்லை' என்று விற்கப்படுகிறவை சிலவற்றில் குறையே அதுதான்.