சோலார் கேபிளுக்குள் எலெக்ட்ரான் தண்ணீராக ஓடுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வீடுகளுக்கு சோலார் மாட்டித் தரும் ஒரு தம்பி கேட்கிறார்: "ரொம்பச் சுத்தமான பொருட்களில் எலெக்ட்ரான் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, மின்தடை குறைகிறது என்று படித்தேன். அந்த மாதிரி கேபிள் கடைக்கு வருமா? காத்திருக்கலாமா?"

காத்திருக்காதீர்கள் தம்பி. நீங்கள் படித்தது நிஜம்தான், ஆனால் கேபிளுக்கு உதவாது.

செம்பில் எலெக்ட்ரான் தண்ணீராக ஓடவில்லை என்பது உங்கள் தொழிலிலேயே தெரிகிற விஷயம். கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் தடை நாலில் ஒரு பங்காகிறது. கொந்தளிப்பில்லாமல் சீராக ஓடும் தண்ணீர்க் குழாயில் அதே மாற்றம் தடையைப் பதினாறில் ஒரு பங்காக்கிவிடும், ஏனென்றால் அங்கே இழுத்துப் பிடிப்பது சுவர், நடுவில் ஓட்டம் வேகமாக இருக்கும். செம்பில் சுவருக்கு வேலையே இல்லை. ஓர் எலெக்ட்ரான் சுமார் 40 நானோமீட்டர் போவதற்குள் அணுக்களின் அதிர்வில் மோதி, வந்த வேகத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் அந்த வேகம் கூட்டத்துக்குள்ளேயே தங்கும். மற்ற மோதல்களைவிட அந்த மோதல் அதிகமாக நடந்தால்தான் திரவ ஓட்டம், அதற்கு, மின்சாரம் ஓடும் பொருள் அபாரமான சுத்தமாக இருக்க வேண்டும்.

1963இல் சோவியத் இயற்பியலாளர் குர்ஷி இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார், அதிலும் சூடேறினால் தடை குறையும் என்று! உங்கள் செம்பில் நடப்பது நேர் எதிர், கூரை 20 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் தடை 16 சதவீதம் ஏறும். 2016இல் மான்செஸ்டரில் போரான் நைட்ரைடு தாள்களுக்கு நடுவே வைத்த கிராஃபீனில் (ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்) மின்னோட்டம் சுழித்துத் திரும்பியதற்கான அடையாளம் கிடைத்தது. அதே வருடம், நம் நாட்டில் ரஸ்டன்பர்க் பக்கம் தோண்டுகிறோமே பலேடியம் என்ற உலோகம், அதோடு கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படிகத்திலும் திரவ ஓட்டத்தின் அறிகுறி தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது 2019 இஸ்ரேல் சோதனை: கிராஃபீன் பாதையின் நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம் என்று குழாய்த் தண்ணீரின் அதே வளைவைப் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் சில மைக்ரோமீட்டர் அகலத்தில் நடப்பவை. பாதை அகலமாகிவிட்டால் படிகத்தின் சாதாரண மோதல்களே மறுபடி மேலோங்கும், மீட்டர் கணக்கில் நீளும் தடித்த கேபிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்புறம், திரவமாக ஓடினாலும் தடை பூஜ்யமாகாது, அது மீக்கடத்தி கதை, வேறு.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 3 மீட்டர் தூரம், 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். போக வர சேர்த்து 16 சதுர மில்லிமீட்டர் செம்பில் கிட்டத்தட்ட 65 வாட் வெறும் சூடாகப் போகும், 35 போட்டால் 30 வாட். பேட்டரியை இன்வெர்ட்டர் பக்கத்திலேயே நகர்த்தி 1 மீட்டராக்கினால் அந்த 30 வாட் 10 ஆகிவிடும். வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டியது அந்த இடத்தைப் பற்றித்தான்.