மூங்கிலுக்குள் ஒரு தவளை

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் சிரித்த முகத்தோடு நீந்தும் ஆக்சலாட்ல் என்ற சாலமாண்டரை (தவளைக்கு உறவான, வாலுள்ள பிராணி) வீடியோவில் பார்த்தேன். இத்தனை தொட்டிகளில் இருப்பதை அழியும் உயிரினம் என்கிறார்களே? நம்ம மலையிலும் அந்த நிலையில் தவளை உண்டா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தொட்டியில் எத்தனை இருந்தாலும் அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான். அங்கே 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014-ல் வெறும் 36. கழிவுநீரும், வளர்ப்புக்கென்று கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் சேர்ந்து செய்த வேலை. வெட்டுப்பட்ட காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் பிராணிதான், ஆனாலும் கெட்ட தண்ணீரில் என்ன செய்யும்?

நம்ம பக்கம் சாலமாண்டர் கிடையாது, இந்தியாவில் அது இமயமலை, வடகிழக்குப் பக்கம்தான். தவளை உண்டு. களக்காடு முண்டந்துறை மலைக்காட்டில் ஒரு சின்னப் புதர்த்தவளை, ராவோர்செஸ்டஸ் சலசோடஸ் என்பது அறிவியல் பெயர். 1876-ல் பெயர் வைத்த பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, திரும்பக் கிடைத்த செய்தி 2011-ல் வந்தது. மெல்லிய காட்டு மூங்கிலின் கணுவிடையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே நுழைந்து அங்கேதான் முட்டையிடுகிறது, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை, அதுவரை காவல் இருப்பது அப்பா!

ஆக்சலாட்லுக்கு ஆய்வகம், தொட்டி என்று வேறு இடமாவது இருக்கிறது. இதற்கு அந்த மூங்கில்தான் வீடு, அதையோ காகிதக் கூழுக்கும் பாய் முடையவும் வெட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கவலைப்பட வேண்டியது நம்ம தவளைக்காகத்தான்.