வீட்டை விற்கக் கார்த்திகையா, தையா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துவிட்டோம். ஐப்பசி மழைக்குப் பிறகு முகப்புச் சுவரில் உப்புப் பூக்கிறது. இப்போதே விற்கலாமா, தைக்குக் காத்திருக்கலாமா?

பதில்: பத்திரப்பதிவைத் தைக்கு வையுங்கள். மார்கழியில் முன்பணம் கொடுக்கவே பலர் தயங்குவார்கள். ஆனால் வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கு வருவது டிசம்பர், ஜனவரியில்தான். வீட்டைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது.

உப்பை மறைக்க எமல்ஷன் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும்; பெயின்ட் அதை அடைத்தால் சில வாரங்களில் கொப்பளித்து உரியும், வாங்க வந்தவர் வீடே ஓதம் என்று விலையைக் குறைப்பார். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், கழுவ வேண்டாம். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். ஓடு, தூம்பு, வளவு (நடு முற்றம்) வடிகால் இவற்றில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அடைத்து, சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் படவே கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

மழையைவிடப் பெரிய தடை பங்காளிகள்தான். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டாவை இப்போதே எடுத்து வையுங்கள். வெளிநாட்டுப் பங்காளி தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். புதுப்பித்த செலவு ரசீதுகளைத் தொலைக்காதீர்கள், மூலதன ஆதாய வரிக் கணக்கில் கழிக்க உதவும்.