மாத்திரையை நிறுத்தலாமா, டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஸ்டென்ட் (அடைத்த இதயக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. கேள்விகள் வேறு வேறு. ஆனால் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டு எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் நிறுத்தும் யோசனையில் இருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக விடாத வறட்டு இருமல். எக்ஸ்ரே நார்மல், இருமல் சிரப்பும் கேட்கவில்லை. என்னால் ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இது இதயமா, நுரையீரலா?

பதில்: இரண்டும் இல்லாமல் மாத்திரையாகவும் இருக்கலாம். மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் என் சந்தேகம் அதன் மேல்தான். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்க் கிடைத்த மருந்து வகை இது. பிராடிகைனின் என்று உடம்பில் ஒரு பொருள் உண்டு, அது சீக்கிரம் சிதையாமல் இந்த மருந்து தடுத்துவிடும். ரத்தக்குழாய் தளர்வதற்கு அது உதவும், தொண்டையைக் கிளறி இருமலைக் கிளப்புவதும் அதேதான். சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி வருகிறது, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், அதனால்தான் யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் போவதில்லை. டாக்டரிடம் சொல்லி லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ஒன்றுக்கு மாறினால் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கிவிடும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் கதையே வேறு, அன்றைக்கே போய்க் காட்டுங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கியதிலிருந்து தொடை, கெண்டைக்கால் எல்லாம் வலி. இந்த மாத்திரையே மோசடி என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் பேசுகிறார். எனக்குக் கொலஸ்ட்ராலும் நார்மல் ஆகிவிட்டது. ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன், வலியும் குறைந்த மாதிரி இருக்கிறது. சரிதானே?

பதில்: சரியில்லை. நார்மல் ஆனதே மாத்திரையால்தான், நிறுத்திய சில வாரங்களில் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஒருமுறை அட்டாக் வந்தவருக்கு ஸ்டாடின் என்கிற இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுப்பது ரிப்போர்ட்டில் எண்ணைக் குறைக்க மட்டும் அல்ல, குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து இன்னொரு அட்டாக் வராமல் இருக்கவும்தான்.

வலி விஷயத்துக்கு வருகிறேன். 2020-ல் பிரிட்டனில் சாம்சன் என்ற ஆய்வு வெளியானது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேரைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 12 மாதத்தில் 4 மாதம் ஸ்டாடின், 4 மாதம் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை, 4 மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடின் சாப்பிட்ட மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் வந்தது! வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி நிஜம், ஆனால் பலருக்கு அதைக் கொண்டுவருவது மருந்து அல்ல, ‘இந்த மாத்திரை ஏதாவது செய்யும்’ என்ற எதிர்பார்ப்பு. முடிவைப் பார்த்ததும் அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாடினுக்கே போனார்கள்.

மருந்தாலேயே தசைவலி வருபவர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. அதனால் சிபிகே (தசை பாதிப்பைக் காட்டுவது), தைராய்டு இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவே தசைவலியைக் கொடுக்கும். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எசெடிமைப் சேர்க்கலாம், வழி நிறைய இருக்கிறது. தசை பலமிழந்து சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): என் கணவருக்கு 51 வயது. அட்டாக்குக்குப் பிறகு மெட்டோபுரோலால் உட்பட ஆறு மாத்திரை சாப்பிடுகிறார். எப்போதும் அசதி, கெட்ட கனவு கண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எங்களுக்குள் தாம்பத்தியமே இல்லை. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார், இப்போது ஆன்லைனில் ஏதோ மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஆன்லைன் மாத்திரையை முதலில் எடுத்து ஒளித்து வையுங்கள் சகோதரி, மற்றதை அப்புறம் பேசலாம். அது ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் (வயாக்ரா) வகையாக இருந்து, அவர் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். உயிரே போகலாம்.

அசதிக்கும் கனவுக்கும் மெட்டோபுரோலால் காரணமாக இருக்கலாம். அது மூளைக்குள் எளிதில் போகும் மருந்து, பிசோப்ரோலால் அந்த அளவுக்குப் போவதில்லை, அதனால் மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது. ஆனால் அவராக ஒரு நாளில் நிறுத்தக் கூடாது. இதயத்தை இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மருந்து திடீரென்று நின்றால் துடிப்பு எகிறி நெஞ்சுவலியோ அட்டாக்கோகூட வரலாம், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தாம்பத்தியத்துக்கு மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பயம், மனச்சோர்வு, சர்க்கரை, இதயக்குழாயை அடைத்த அதே கொழுப்பு நோய் எல்லாமே இதில் சேரும். அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போய், அவர் வாய் திறக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இதயநோய் டாக்டருக்கு இது தினமும் வரும் கேள்வி, உங்களுக்கு இருக்கும் கூச்சம் அவருக்கு இருக்காது.

கேள்வி: தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கேட்காமல் வேண்டாம். ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினின் வேலையையே ஐபுப்ரோஃபென் கெடுக்கும், டைக்ளோஃபெனாக் இதயநோயாளிக்கு ஆகாது, எது சேர்ந்தாலும் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பொதுவாக நாங்கள் முதலில் சொல்வது பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு. ஏற்கெனவே வலிமாத்திரை போட்டுவிட்டு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றால் அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.