நாலு கிராமைக் காட்டுமா உங்கள் புது சாஃப்ட்வேர்?

கேள்வி: ஈரோடு பக்கம் அப்பா தொடங்கிய எசென்ஸ் கம்பெனியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஐஸ்க்ரீம், பேக்கரிக்காரர்களுக்கு வெனிலா, பைனாப்பிள், ரோஸ்மில்க் எசென்ஸ் தருகிறோம். பில் போடுவது பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரில், ஸ்டாக் எக்செலில், ஃபார்முலா அப்பாவின் நோட்டில். பிரைவேட் லிமிடெட் என்பதால் சாஃப்ட்வேரை மாற்றியே ஆகவேண்டும், ஏப்ரல் 1 அன்று ஆரம்பியுங்கள் என்கிறார் ஆடிட்டர். ஃபார்முலாவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அப்பா சம்மதிக்கவில்லை. நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆடிட்டர் சொல்வதில் பாதி சரி. கணக்கில் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். பழைய பதிப்பில் அந்த வசதி இல்லையென்றால் கணக்குப் பகுதியை உடனே புதுப்பித்துவிடுங்கள். ஆனால் ஸ்டோரையும் உற்பத்தியையும் அதே நாளில் மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஏப்ரல் மாதம் ஐஸ்க்ரீம்காரர்கள் வாசலில் நிற்கும் நேரம். வெயில் தணிந்து ஆர்டர் குறைந்த பிறகு, ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதியில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் செய்யவேண்டிய பெரிய வேலை எடைக்கணக்குதான். மணச்சரக்கைக் கரைக்கும் திரவமான புரோப்பிலின் கிளைக்கால் 215 கிலோ பேரலாக வருகிறது. கலப்பது கிலோவில், விற்பது 500 மில்லி பாட்டிலில். ஒரு லிட்டர் கிளைக்கால் சுமார் 1.04 கிலோ, பைனாப்பிள் மணம் தரும் எத்தில் பியூட்டிரேட் அதே ஒரு லிட்டர் 880 கிராம்கூட வராது. லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று எக்செலில் போட்டு வைத்திருந்தால், அந்தத் தப்பு புது சாஃப்ட்வேருக்கும் அப்படியே போய்ச் சேரும். ஒவ்வொரு சரக்குக்கும், தயாரான ஒவ்வொரு எசென்ஸுக்கும் அடர்த்தியைத் தனியாகக் குறித்துக்கொண்டு, உள்ளே எல்லாவற்றையும் எடையிலேயே வையுங்கள்.

அடுத்து தசமப்புள்ளி. நூறு கிலோ பைனாப்பிள் எசென்ஸில் வீரியமான ஒரு சரக்கு 4 கிராம்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவில் அது 0.004. தசமத்துக்குப் பின் இரண்டு இடம் மட்டும் வைக்கும் சாஃப்ட்வேர் அதை 0.00 என்று எழுதும். டப்பா காலியாகியிருக்கும், திரையில் ஸ்டாக் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட சரக்கை நீங்கள் முதலில் கிளைக்காலில் பத்து சதவீதக் கரைசலாக்கி வைப்பவராக இருந்தால், அந்தக் கரைசலுக்கும் தனி பேட்ச் எண், அதாவது ஒவ்வொரு முறை கலப்பதற்கும் ஓர் எண், வேண்டும். ஃபார்முலாவுக்குள் இன்னொரு ஃபார்முலாவை ஏற்காத சாஃப்ட்வேர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு ஆகாது.

விற்க வருபவர்கள் வேறு ஏதோ தொழிலின் பொருட்களை வைத்து டெமோ காட்டுவார்கள். அதை நம்பி முன்பணம் தராதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஃபார்முலாவைப் பொய்ப் பெயர்களோடு கொடுங்கள். ‘இந்த வெனிலின் லாட் (ஒரே தடவையில் வந்த சரக்கு) எந்தெந்த பேட்சில் போனது, அந்த பேட்ச் யார் யாருக்குப் போனது?’ என்று கேளுங்கள். பிறகு ஒரு பாட்டிலைக் காட்டி, அதில் சேர்ந்த சரக்கெல்லாம் எந்த லாட் என்று பின்னோக்கிக் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே பத்து நிமிடத்தில் இரண்டுக்கும் பதில் வரவேண்டும். சரக்கைத் திரும்பப் பெறும் நிலை வந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கேட்கப்போவதும் இதைத்தான்.

அப்பாவின் பயம் நியாயமானது. இந்தத் தொழிலில் ஃபார்முலாதான் சொத்து. சரக்குகளுக்குக் குறியீட்டு எண் கொடுங்கள். கலவை போடுபவரின் கார்டில் எண்ணும் எடையும் மட்டும் வரட்டும். எண்ணுக்குரிய பெயர் அப்பாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும்படி அனுமதியைப் பூட்டிவிடலாம். அதற்கும் அவர் மனம் வரவில்லையென்றால், முக்கியமான கலவையை அவரே தன் அறையில் கலந்து, ஒரே குறியீட்டில் ஸ்டோருக்குத் தரட்டும். அப்போதும் அதில் சேர்ந்த சரக்குகளின் லாட் எண்களை அவர் குறித்து வைத்தே ஆகவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சர்வீஸுக்கு வரும் கம்பெனி ஆட்கள் டேட்டாவை எந்த அளவுக்குப் பார்க்க முடியும், பேக்கப் எங்கே போகிறது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் அப்பாவும் உட்காரட்டும்.

பழைய டேட்டா முழுவதையும் இழுத்து வரவேண்டாம். லாட் வாரியாக எண்ணி எடைபோட்ட ஸ்டாக், வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி, இவை போதும். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய கம்ப்யூட்டரை விற்றுவிடாதீர்கள். ஸ்டோர் பார்ப்பவரை டெமோ நாளிலிருந்தே கூட வையுங்கள். அவர் ஒரு மாதம் நோட்டிலும் திரையிலும் சேர்த்து எழுதட்டும். மாதக் கடைசியில் இரண்டும் தராசோடு ஒத்துப்போனால் நோட்டை நிறுத்திவிடலாம்.