புது கெக்கோ குட்டி சாப்பிட மறுக்கிறதா?

கேள்வி: மகனின் நச்சரிப்பு தாங்காமல் லெப்பர்ட் கெக்கோ என்கிற வளர்ப்புப் பல்லியின் குட்டி ஒன்று வாங்கி ஐந்து நாளாகிறது. இன்னும் ஒரு பூச்சிகூடத் தின்னவில்லை. பகல் முழுக்கத் தொட்டியில் வைத்த குகைக்குள்ளேயே கிடக்கிறது. பத்து கிரிக்கெட் பூச்சிகளை உள்ளே விட்டோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஹீட் மேட் (தொட்டித் தரையைச் சூடாக்கும் மின்விரிப்பு) போட்டிருக்கிறோம். பழகட்டும் என்று மகன் தினமும் கையில் எடுக்கிறான்; அப்போது வாலைத் தூக்கி மெதுவாக ஆட்டுகிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா, டாக்டர்?

பதில்: ஊட்டவே ஊட்டாதீர்கள். குட்டியின் தாடை மென்மையானது, பயமும் கூடிவிடும். இப்போதைக்கு அதற்குப் பசி ஒரு பிரச்சினையே இல்லை. லெப்பர்ட் கெக்கோ கொழுப்பை வாலில் சேர்த்து வைத்திருக்கும். வால் பருமனாக இருக்கும்வரை நீங்கள் பதறத் தேவையில்லை. புது இடத்தில் ஒரு வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம். பகலில் ஒளிந்து கிடப்பதும் அதன் சுபாவம்தான். அந்தி மயங்கிய பிறகு நடமாடும் பிராணி அது.

அந்த வால் ஆட்டத்தை உங்கள் மகன் கொஞ்சலாக எடுத்துக்கொண்டிருப்பான். உண்மையில் அது ‘கிட்டே வராதே’ என்கிற எச்சரிக்கை. இரை தேடும்போது வால் நுனி மட்டும் வேகமாக நடுங்கும். மெதுவாக, அலை அலையாக ஆட்டினால் பயந்திருக்கிறது. இன்னும் மிரட்டினால் வாலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், சேமிப்பும் அதோடு போய்விடும். அதனால் குறைந்தது இரண்டு வாரம் யாரும் கையில் எடுக்க வேண்டாம். தண்ணீர் மாற்ற, எச்சம் எடுக்க மட்டும் கை உள்ளே போகட்டும். சிறுவனுக்கு இது கஷ்டம்தான். தினமும் நோட்டில் குறிப்பெழுதும் வேலையை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஹீட் மேட் இருக்கிறது என்கிறீர்கள், எத்தனை டிகிரி என்று எழுதவில்லையே! எனக்குச் சந்தேகம் அங்கேதான். போதிய சூடு இல்லாவிட்டால் இதற்கு இரை செரிக்காது, அதனால் தின்னவும் தோன்றாது. தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறுபக்கம் 25 அளவிலும் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மானி காற்றின் சூட்டைத்தான் காட்டும். சென்சார் ஒயர் உள்ள டிஜிட்டல் மானியைத் தரையில் வைத்துப் பாருங்கள். சூட்டை ஓர் அளவுக்குள் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும், அந்தக் கருவியையும் வாங்கிவிடுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு குகை, நடுவில் ஈர டிஷ்யூ போட்டு, குட்டி நுழைய வாசல் வைத்த மூடிய டப்பா ஒன்று; தோலுரிக்க அந்த ஈரம் உதவும். தரைக்கும் டிஷ்யூ பேப்பரே போதும். மணல் பார்க்க அழகு, ஆனால் இரையோடு சேர்ந்து குடலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

சரி, சாப்பாடு. பத்து பூச்சி மிக அதிகம். விளக்கணைத்த பிறகு இரண்டு மூன்று போதும். அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். விடும் முன் கால்சியம் பொடியில் புரட்டி எடுங்கள். அசையாத இரையை இது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நுனி மழுங்கிய இடுக்கியில் ஒரு மீல்வார்மை (இரையாக விற்கும் வண்டுப் புழு) பிடித்து முகத்துக்குச் சற்றுத் தள்ளி நெளியவிட்டால் சில குட்டிகள் அதற்கு மசிந்துவிடும். தின்னாத கிரிக்கெட்டுகளை இரவே வெளியே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அவை தூங்குகிற குட்டியைக் கடிக்கும். தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடாதீர்கள், பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம்.

உடல் திடீரென்று வெளுத்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம், அப்போதும் ஓரிரு நாள் தின்னாது. உரித்த தோலைத் தானே விழுங்கிவிடும் என்பதால் உங்கள் கண்ணில் எதுவும் படாமல் போகலாம். விரல்களில் மட்டும் தோல் வளையம்போல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இறுகினால் விரல் போய்விடும்.

வாரம் ஒரு முறை, டப்பாவோடு சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். சூட்டைச் சரிசெய்து, தனியாக விட்டும் இரண்டாவது வாரம் முடிவதற்குள் தின்னவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வால் மெலிந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, கழிச்சலோ வாந்தியோ இருந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். போகும்போது புது எச்சம் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.