கல்லடி மணலுக்கு மூன்று சில்லு வண்டி சரிவருமா?

கேள்வி: எனக்கு மூன்றரை மாதத்தில் ஒரு மகன். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், திருச்செந்தூர் முருகன் கோவில் பக்கம், கடற்கரைக்குப் போகிற மணல் ஒழுங்கையில் இருக்கிறது. சுவிஸில் இருக்கும் மச்சாள் இன்னும் இரண்டு மாதத்தில், மாமாங்கத் தீர்த்தத்துக்கு வரும்போது, பிள்ளைக்குத் தள்ளுவண்டி கொண்டுவருவதாகச் சொல்கிறார். மூன்று சில்லா, நாலு சில்லா என்று கேட்கிறார். மாமியோ மூன்று சில்லு கவிழும், வேண்டாம் என்கிறார். இவர் விடியக் காலையில் ஓடப் போகிறவர். மூன்று சில்லு என்றால் மகனையும் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று ஆசைப்படுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதை வாங்கச் சொல்ல?
— ஓர் இளம் தாய், கல்லடி

பதில்: அன்புத் தங்கச்சி, உங்கள் ஒழுங்கை மணல் என்று எழுதினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சில்லு மூன்றா நாலா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் பார்க்க வேண்டியது சில்லு எவ்வளவு பெரியது, அதில் காற்றடித்த டயர் இருக்கிறதா என்பதைத்தான். மூன்று சில்லு வண்டி என்று கடையில் நிற்பவை எல்லாம் ஒரே சாதி இல்லை. ஒரு வகைக்குக் கை அகலமும் இல்லாத பிளாஸ்டிக் சில்லுகள். பார்வைக்கு அழகு, கடைத்தொகுதியின் பளிங்குத் தரையில் விரல் நுனியால் தள்ளலாம். உங்கள் ஒழுங்கையில் பத்தடி போனதும் அது அச்சு வரை புதைந்து நின்றுவிடும். மற்ற வகைக்கு முன்னால் 12 அங்குலச் சில்லு ஒன்று, பின்னால் 12 அல்லது 16 அங்குலச் சில்லுகள் இரண்டு, எல்லாவற்றிலும் சைக்கிளுக்குப் போல டியூப் போட்ட டயர். 1984ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்ற தகப்பன், மகனோடு சேர்ந்து ஓடுவதற்காகப் பிள்ளை வண்டியில் சைக்கிள் சில்லுகளைப் பூட்டிச் செய்ததன் வழியில் வந்த வகை இது. மச்சாளிடம் கேட்பதென்றால் இந்த இரண்டாவது வகையைத்தான் கேட்க வேண்டும்.

பெரிய சில்லு மணலில் ஏன் போகிறது என்று யோசித்தால் இது விளங்கும். சின்னச் சில்லு மணலைத் தனக்கு முன்னால் குவித்துக்கொண்டு அதிலேயே முட்டி நிற்கும். பெரிய சில்லு அந்தக் குவியலின் மேல் ஏறி உருளும். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பாரம் பரந்து விழும், புதைவதும் குறையும். முன்னால் ஒரு சில்லு மட்டும் இருப்பதால் மணலில் முட்டுகிற முன் சில்லும் ஒன்று குறைகிறது. கைப்பிடியை லேசாக அமுக்கினால் முன் சில்லு கிளம்பிவிடும், நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பலாம். குறுகலான ஒழுங்கைக்கு இது பெரிய வசதி.

கடையில் மச்சாள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று, முன் சில்லை நேராக வைத்துப் பூட்ட முடியுமா என்பது. சுழலும் முன் சில்லு தார் வீதியிலும் வீட்டுத் தரையிலும் நல்லது. மணலிலும் கிறவலிலும் அது தன்பாட்டுக்குத் திரும்பிக் குத்தி நிற்கும், அப்போது வண்டி சட்டென்று முன்பக்கம் சாயும். பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கடற்கரைக்குக் கிட்ட, காலே புதையும் உதிரி மணலில் எந்த வண்டியையும் தள்ளிப் போராட வேண்டாம். திருப்பி, பின்சில்லு முன்னே வரும்படி இழுத்துக்கொண்டு போனால் இலகுவாக வரும்.

சரி, மாமியின் பயத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் உண்மை உண்டு, தட்டிவிடாதீர்கள். மூன்று கல் அடுப்பு எந்த மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்பதுபோல மூன்று சில்லும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாலு சில்லு வண்டி பள்ளமான இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். நேராகப் போகும்போது மூன்று சில்லுக்கு இதுதான் பலம். ஆனால் முன்பக்கம் இரு ஓரத்திலும் தாங்கல் இல்லை. வேகமாக வளைத்தாலோ, ஒரு பின்சில்லு மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது திருப்பினாலோ, முன் மூலைப் பக்கமாகச் சரியும். இருக்கை உயரமாகவும் பின்சில்லுகள் நெருக்கமாகவும் இருக்கிற வண்டியில் இந்த ஆபத்து கூட. ஆகவே இருக்கை தாழ்வாக, பின்சில்லுகள் நன்றாக அகன்று நிற்கிற வண்டியைத் தேடச் சொல்லுங்கள். கடையில் தானே கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கட்டும். சந்தைப் பையைக் கைப்பிடியில் கொழுவுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளையைத் தூக்கிய அடுத்த கணம் வண்டி பின்னால் மல்லாந்துவிடும், பிள்ளை உள்ளே இருக்கும்போதே அப்படி நடப்பதும் உண்டு. பாரம் எல்லாம் இருக்கைக்குக் கீழே உள்ள கூடைக்குள். வீதி ஓரக் கட்டில் இருந்து இறங்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்சில்லை முதலில் இறக்குங்கள்.

அடுத்தது உங்கள் கணவரின் ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் இப்போது இல்லை. மூன்றரை மாதப் பிள்ளைக்குக் கழுத்து இன்னும் முழுதாக உறைக்கவில்லை. ஓடும்போது வண்டி வாங்குகிற குலுக்கல் அந்தத் தலைக்கும் கழுத்துக்கும் ஆகாது. மச்சாள் வரும்போதும் மகனுக்கு ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும். ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளில்கூட, குறைந்தது ஆறு மாதமாவது ஆகட்டும் என்றுதான் செய்தவர்கள் எழுதியிருப்பார்கள், சிலர் எட்டு மாதம் என்பார்கள். பிள்ளை பிடிமானம் இல்லாமல் தானாக நிமிர்ந்து இருக்கிறானா என்று பார்த்து, கிளினிக்கில் டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் பிறகு ஓடட்டும். அதுவரை நடக்கலாம், நடப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். மூன்று சில்லு இருப்பதாலேயே ஒரு வண்டி ஓடும் வண்டி ஆகாது. ஐரோப்பாவில் பிள்ளை வண்டிகளுக்கு ஈஎன் 1888 என்று ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அதன்படி சாதாரண வண்டிகளின் கைந்நூலில், இது ஓடுவதற்கோ சறுக்குவதற்கோ ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அச்சடித்திருக்கும். மச்சாள் பெட்டியையும் கைந்நூலையும் வாசித்துப் பார்க்கட்டும். அந்த எச்சரிக்கை இருந்தால் அந்த வண்டியோடு ஓடக் கூடாது, அவ்வளவுதான். ஓடத் தகுந்த வண்டியில் பூட்டக்கூடிய முன் சில்லு, கைப்பிடியிலேயே ஒரு பிரேக், மணிக்கட்டில் மாட்டுகிற பட்டி, தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கவட்டு ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட், இவ்வளவும் இருக்க வேண்டும்.

கடற்கரையில் ஓடுவதென்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈர மணல் இறுக்கம்தான், ஆனால் கல்லடிக் கரை கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. முன் சில்லைப் பூட்டிய வண்டி சரிவுப் பக்கமாகவே இழுபட்டுப் போகும், ஓடுகிறவர் முழுநேரமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சனம் நடமாட்டம் குறைந்த விடியற்காலையில் சமமான உள்வீதியில் ஓடுவது நல்லது. கல்முனை வீதி வேண்டாம், பஸ்ஸும் லொறியும் ஓடுகிற வீதி அது. முன் சில்லைக் கழற்றிப் பூட்டுகிற நெம்பை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். 2018இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு, முன் சில்லு ஓட்டத்தில் கழன்றதால் பெரியவர்களும் பிள்ளைகளும் காயப்பட்டார்கள் என்று ஒரு கம்பனியின் மூன்று சில்லு வண்டிகளுக்கு எதிராக வழக்கே போட்டது. நெம்பு பாதி இறுகி நின்றால் நடக்கும்போது தெரியாது, வேகம் எடுக்கும்போதுதான் சில்லு கழலும்.

மகனின் வயதுக்கு இருக்கை எவ்வளவு சாய்கிறது என்பதும் முக்கியம். ஆறு மாதம் வரைக்கும் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய வேண்டும். பாதி நிமிர்த்தி வைத்தால் தலை முன்னே தொங்கி மூச்சுக்கு இடைஞ்சலாகும். ஓட்டத்துக்கென்று செய்த சில வண்டிகள் முழுதாகச் சாய்வதே இல்லை, அதைக் கவனிக்க வேண்டும். எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் பார்க்கட்டும். 15 கிலோவுக்கும் உண்டு, 22 கிலோவுக்கும் உண்டு. 22 கிலோ என்றால் மகனுக்கு நாலு வயது வரை கவலை இல்லை.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. மகனைக் கூட்டிக்கொண்டு நீங்கள் அதிகம் போவது எங்கே? ஊசி போடக் கிளினிக்குக்கும், அம்மா வீட்டுக்கும், ரவுணுக்கும் ஓட்டோவில்தான் போகிறீர்கள் என்றால், இவ்வளவு சொன்ன பிறகும் பெரிய மூன்று சில்லு வண்டி உங்களுக்குப் பாரம்தான். அது 11 முதல் 14 கிலோ வரை இருக்கும். மடித்தாலும் ஓட்டோவின் பின் இருக்கைக்கு முன்னால் அடங்காது, சில்லுகளைக் கழற்ற வேண்டிவரும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் இந்த வண்டி என்று பஸ் ஏறுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். அப்படியான பயணத்துக்கு ஆறேழு கிலோவில் குடைபோல மடிகிற நாலு சில்லு வண்டி போதும், அதுவும் பிள்ளை நிமிர்ந்து இருக்கத் தொடங்கிய பிறகு. பின்னேரத்தில் ஒழுங்கையால் கடற்கரைக்கும் கோவிலுக்கும் நடப்பது, எப்போதாவது காந்தி பூங்காவில் வாவிக் காற்று வாங்குவது, இதுதான் உங்கள் நடமாட்டம் என்றால் பெரிய டயர் மூன்று சில்லு வண்டியைத் தயங்காமல் கேளுங்கள். கடிதத்தைப் படித்த அளவில் உங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்யும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வந்து சேர்ந்த பிறகு நம்முடைய ஊருக்கென்று சில கவனம் வேண்டும். வெயிலுக்கு என்று வண்டியின் முகப்பைச் சீலையால் மூடுவதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மெல்லிய சீலையானாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், பிள்ளையின் முகமும் உங்கள் கண்ணில் படாது. வண்டியின் கூரையும் நிழலும் போதும், உச்சி வெயிலில் வெளியே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. கொளுக்கியும் இருக்கைத் துணியும் சுடுகிறதா என்று கை வைத்துப் பார்த்த பிறகு பிள்ளையை வையுங்கள். மாரி காலத்தில் நுளம்பு வலை கட்டாயம், அதற்குக் காற்றுப் போகும். டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும், ஆகவே பகல் நடைக்கும் வலை வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் விரித்த கூரையோடு நிற்கிற வண்டியைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். வாவிக் கரையில், படிக்கட்டுக்குக் கிட்ட, ஒரு நிமிடம் நின்றாலும் பிரேக்கை மிதியுங்கள், ஒரு கை வண்டியிலேயே இருக்கட்டும்.

கடற்கரை உப்பும் மணலும் சில்லின் பேரிங்கைத் தின்றுவிடும். கடற்கரைக்குப் போய் வந்த அன்று சில்லுகளை நல்ல தண்ணீரால் அலசித் துடைத்து நிழலில் காயவிடுங்கள். அச்சுக்கு வெளியே கிறீஸ் அப்ப வேண்டாம், மணல் அதில்தான் போய் ஒட்டும். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளையைத் தள்ளி வையுங்கள். 2009இல் ஒரு பெரிய கம்பனி, மடிப்புக் கீலில் பிள்ளைகளின் விரல் நுனி அறுபட்டதால், சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டிவந்தது.

காற்று டயருக்கு நெருஞ்சி முள் பயம் உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் 12 அங்குல டயர் நம்முடைய சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் வருகிற அளவுதான், டயரின் பக்கத்தில் 12½ × 2¼ என்று போட்டிருக்கும். அந்த அளவு போட்ட வண்டியாக எடுத்தால் டியூப்புக்கும் ஒட்டுக்கும் சைக்கிள் கடைக்குப் போகலாம். பெட்ரோல் செட்டில் காற்றடிக்க வேண்டாம், அந்த வேகத்துக்குச் சின்ன டியூப் வெடிக்கும். கைப்பம்பால், டயரில் எழுதியிருக்கிற அளவுக்குள் அடித்தால் போதும். மச்சாளிடம் பெட்டிக்குள் இரண்டு டியூப்பும் ஒரு சின்னப் பம்பும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.